பெரிய பகா எண்: செங்கோட்டை டியூஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தென்காசி, இலஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். கேரள எல்லையில் உள்ள புளியரை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் வருவார்கள். 2024 அக்டோபரில் 4 கோடி இலக்கம் கொண்ட பகா எண் கிடைத்த செய்தி வந்ததிலிருந்து பிள்ளைகள், பெற்றோர், எதிர்க்கடை அண்ணாச்சி வரை எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே போகும்.

பகா எண்ணுன்னா ஒத்தைப்படை எண்ணுதானே சார்?

இல்லை. 9 ஒற்றைப்படைதான், ஆனால் 3 × 3. 2 இரட்டைப்படைதான், ஆனால் பகா எண். 1, தன் எண் என இரண்டே இரண்டு வகுத்திகள் உள்ளது பகா எண். 1-க்கு ஒரே ஒரு வகுத்தி, அதனால் அது சேராது. அதையும் சேர்த்துக்கொண்டால் 6-ஐ 2 × 3 என்றும் 1 × 2 × 3 என்றும் 1 × 1 × 2 × 3 என்றும் எழுதலாம். எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும் என்கிற அடிப்படைத் தேற்றம் கெட்டுப்போகும்.

பகா எண் முடியவே முடியாதுன்னு நீங்க சொல்லுதீங்க. "உலகின் மிகப் பெரிய பகா எண்"ணுன்னு பேப்பர்ல போடுதாங்க. எது சரி?

இரண்டும் சரி. பேப்பரில் "இதுவரை தெரிந்தவற்றில்" என்ற சொற்களை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். கையில் உள்ள பகா எண்களை எல்லாம் பெருக்கி 1 கூட்டுங்கள். வருகிற எண்ணை அவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அந்த எண்ணின் பகாக் காரணி நம் பட்டியலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

இதில் பிளஸ் டூ பிள்ளைகளே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "பெருக்கி 1 கூட்டினால் வருவதே பகா எண்" என்று எழுதிவிடுகிறார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30,031. இது 59 × 509. பட்டியலில் இல்லாத புதிய பகா எண்கள் கிடைத்தன, உண்மை. ஆனால் 30,031 பகா எண் அல்ல.

சரி, அந்த எண்ணைத்தான் போர்டுல எழுதிக் காட்டுங்களேன்.

2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. முடிந்தது.

முழுதாக வேண்டுமென்றால் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கம் என்று தூங்காமல் எழுதினாலும் 474 நாட்களுக்கு மேல் ஆகும். அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டுரான்ட் கண்டுபிடித்தார். 2024 அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு கணினி 'இது அநேகமாகப் பகா எண்' என்றது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று உறுதி செய்தது. அக்டோபர் 21 அன்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய சாதனை எண் 2018 டிசம்பரில் கிடைத்த 2⁸²⁵⁸⁹⁹³³ − 1. அதில் 2,48,62,048 இலக்கங்கள்.

எழுதவே இல்லைன்னா 4 கோடி இலக்கம்னு எப்படி எண்ணுனாங்க?

எண்ணத் தேவையில்லை, மடக்கை போதும். 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும் என்பதே 2-இன் மடக்கை (log): 0.30103 (இன்னும் துல்லியமாக 0.30102999566). அதை 13,62,79,841-ஆல் பெருக்கினால் 4,10,24,319.945 வரும். முழு எண் பகுதியோடு 1 கூட்டினால் இலக்கங்களின் எண்ணிக்கை. மிச்சமிருக்கும் 0.945 என்ற பின்னம் எண் எதில் தொடங்குகிறது என்று சொல்லும்: 10-இன் 0.945-ஆவது அடுக்கு ஏறத்தாழ 8.8, ஆகவே முதல் இரண்டு இலக்கங்கள் 88.

கடைசி இலக்கம் இன்னும் எளிது. 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றிவரும். 13,62,79,841-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1, எனவே அடுக்கு 2-இல் முடியும். 1 கழித்தால் நம் எண் 1-இல் முடியும். இதே வழியில் 100-ஆல் வகுத்த மீதியைப் பார்த்தால் கடைசி இரண்டு இலக்கங்கள் 51. எண்ணைக் கண்ணால் பார்க்காமலேயே தலையும் வாலும் கைக்கு வந்துவிட்டன. இந்த எண்ணில் எனக்குப் பிடித்ததே இதுதான். அதன் பருமனில் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. இத்தனை பெரியதாக இருந்தும் ஒரு துண்டுக் காகிதத்தில் பிடிபடுகிறதே, அது பெரிய விஷயம்.

நியூமராலஜிப்படி அதோட கூட்டுத்தொகை என்ன வரும் சார்?

கேட்டவர் ஒரு பெற்றோர். சிரிக்க வேண்டாம், இது நல்ல கணக்கு. கூட்டுத்தொகையை ஓரிலக்கம் வரும் வரை கூட்டுவது என்றால், 9-ஆல் வகுத்து மீதி பார்ப்பதுதான். 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு ஆறாக மீதி சுற்றும். நம் அடுக்கை ஆறால் வகுத்தால் மீதி 5. ஐந்தாவது இடத்தில் இருப்பது 5. 1 கழித்தால் 4.

ஜோசியத்தில் 4 ராகுவுக்கு உரியது என்பார்கள். கணக்கில் அதன் பொருள், இந்த எண் 3-ஆல் வகுபடாது என்பது மட்டுமே.

ஏன் எப்பப் பாத்தாலும் 2-ன் அடுக்குல 1 கழிச்ச எண்ணாவே இருக்கு சாரே?

ஆரியங்காவுப் பிள்ளை கேட்டது, அதனால் கேரளத்து அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயில் கதையிலிருந்தே தொடங்கலாம். அரசனோடு சதுரங்கம் ஆடி ஜெயித்த கிருஷ்ணன், முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கேட்ட கதையும், கடனைத் தீர்க்கத்தான் பால்பாயசம் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். 64 கட்டத்துக்கும் சேர்த்து அரிசி 2⁶⁴ − 1, அதாவது 1,84,46,74,40,73,70,95,51,615. இது பகா எண்ணா? கடைசியில் 5 இருக்கிறது, எனவே இல்லை. ஆனால் காரணம் அதைவிட ஆழமானது: 64 பகு எண்.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் முழு எண்ணும் பகு எண். 2⁶ − 1 = 63-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 6 = 2 × 3 என்பதால் அது 2² − 1 = 3-ஆலும் வகுபடும், 2³ − 1 = 7-ஆலும் வகுபடும். அம்பலப்புழை எண்ணுக்கு 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்று ஏழு பகாக் காரணிகள். எனவே அடுக்கில் பகா எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். கழுதுருட்டியில் ரயில் போகும் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள்; 2¹³ − 1 = 8,191 பகா எண்ணேதான்.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இவற்றையே தேடுவதற்குக் காரணம், இவை பகா எண்ணா என்று பார்க்க மற்ற எண்களுக்கு இல்லாத குறுக்குவழி ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அப்போ அடுக்குல பகா எண்ணைப் போட்டா வேலை முடிஞ்சுதுல்ல?

முடியவில்லை. 11 பகா எண். 2¹¹ − 1 = 2,047 = 23 × 89. இந்த இரண்டு காரணிகளையும் கவனியுங்கள். 23 என்பது 22 + 1. 89 என்பது 88 + 1. இரண்டிலிருந்தும் 1 கழித்தால் 22-ஆல் வகுபடும். இது தற்செயல் அல்ல. அடுக்கு 2-ஐத் தவிர வேறு பகா எண்ணாக இருந்தால், அந்த மெர்சென் எண்ணின் எந்தக் காரணியிலும் 1 கழித்தால் அடுக்கின் இரு மடங்கால் வகுபட்டே தீரும். அதனால் தேடுகிறவர்கள் எல்லா எண்ணாலும் வகுத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். 2³¹ − 1 பகா எண் என்று ஆய்லர் 1772-இல் காட்டினாரே, அவரும் 46,340 வரை உள்ள பகா எண்களில் 62-ஆல் வகுத்தால் மீதி 1 வருபவற்றை மட்டும் பார்த்தால் போதும் என்ற நிலை இதனால்தான் வந்தது.

பெயர் கொடுத்த மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவிக்கே இதில் சறுக்கல். 257 வரை எந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் போட்டார். 67-ஐயும் 257-ஐயும் தவறாகச் சேர்த்தார். 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 2⁶⁷ − 1 பகு எண் என்று 1876-இல் லூக்காஸ் காட்டினார், ஆனால் காரணிகள் தெரியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து, வாயே திறக்காமல், கரும்பலகையின் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐக் கணக்கிட்டார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. பேசாமலே போய் உட்கார்ந்தார், சபை கைதட்டியது.

காரணியே தெரியாம பகு எண்ணுன்னு எப்படிச் சொல்ல முடியும்? அது ஏமாத்து வேலை இல்லையா?

இல்லை, இங்கேதான் அந்தக் குறுக்குவழி வருகிறது. லூக்காஸ் தொடங்கி டெரிக் லேமர் செம்மைப்படுத்திய சோதனை அது. 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்தி 2 கழி. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

2⁷ − 1 = 127-க்குச் செய்து பார்ப்போம்; ஐந்து தடவை. 4 → 14 → 194, மீதி 67 → 4,487, மீதி 42 → 1,762, மீதி 111 → 12,319, அது சரியாக 127 × 97, மீதி 0. பகா எண். இதையே 2,047-க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1,736 நிற்கும். 0 இல்லை, ஆகவே பகு எண். 23, 89 என்ற பெயர்கள் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, பார்த்தீர்களா?

சாதனை எண்ணுக்கு 13 கோடிக்கு மேற்பட்ட தடவை, ஒவ்வொரு தடவையும் 4 கோடி இலக்க எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். அதனால்தான் கணினி.

ஐஐடிக்காரங்க 2002-ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்களே, அதை ஏன் பயன்படுத்தல?

ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தது. எந்த வடிவத்தில் உள்ள எண்ணையும், எந்த நிரூபிக்கப்படாத ஊகத்தையும் நம்பாமல், பகா எண்ணா இல்லையா என்று நியாயமான நேரத்தில் சொல்லலாம் என்று காட்டினார்கள். அதுவரை யாராலும் முடியாதது அது. ஆனால் மெர்சென் எண்ணுக்கு மேலே சொன்ன சோதனை அதைவிட எத்தனையோ மடங்கு வேகம்.

2-ஐ மட்டும் வச்சு ஒரு டெஸ்ட் இருக்குன்னு யூடியூப்ல பாத்தேன். அது போதாதா?

ஃபெர்மா சோதனை. எண் பகா எண் என்றால், அந்த எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் (எண் 2 அல்லாதபோது). திருப்பிச் சொன்னால் தப்பு. 341 = 11 × 31, ஆனாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

மெர்சென் எண்களிடம் இது சுத்தமாகச் செல்லாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், எல்லா மெர்சென் எண்ணும் 2-ஐ வைத்துச் செய்யும் சோதனையில் தேறும், 2,047-உம் தேறும். அதனால்தான் முதல்கட்டச் சோதனையை 3-ஐ வைத்துச் செய்கிறார்கள். டப்ளின் கணினி 'அநேகமாக' என்று சொன்னது அந்த வகைச் சோதனையை வைத்துத்தான்.

அண்ணாச்சி கேக்கச் சொன்னாவ: அவிய மொபைல் நம்பர் பகா எண்ணான்னு எப்படிப் பாக்கது?

பத்து இலக்கம்தானே, 1,00,000 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அப்படி 9,592 பகா எண்கள் உண்டு. கையால் ஆகாது, கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம். வாய்ப்பு எவ்வளவு என்றால், பத்து இலக்க எண்களில் ஏறத்தாழ 22-க்கு ஒன்று பகா எண். நம்பர் 1, 3, 7, 9-இல் முடிந்தால் 9-க்கு ஒன்று. அண்ணாச்சி நம்பர் 8-இல் முடிகிறது, எனவே பேச்சே இல்லை.

ஆய்லரின் 2³¹ − 1 என்பது 2147483647, அதுவும் பத்து இலக்கம்தான். ஆனால் 2-இல் தொடங்குவதால் இங்கே யாருக்கும் மொபைல் நம்பராகக் கிடைக்காது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான எண்; 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு.

இவ்வளவு பெரிய பகா எண்ணு கிடைச்சிட்டா பேங்க், ஜிபே எல்லாத்தையும் ஒடைச்சிர முடியுமா?

முடியாது. ரகசியக் குறியீட்டில் பயன்படும் ஆர்எஸ்ஏ முறைக்கு 300 இலக்கங்களுக்குச் சற்றுக் கூடுதலான இரண்டு பகா எண்கள் போதும். அவை யாருக்கும் தெரியாதவையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஊரறிந்த 4 கோடி இலக்க எண்ணை வைத்துக்கொண்டு எதைப் பூட்டுவது? 300 இலக்க அளவில் சுமார் 700 எண்களுக்கு ஒன்று பகா எண் என்பதால், குருட்டாம்போக்கில் எடுத்துச் சோதித்தாலே வேண்டியது கிடைத்துவிடும்.

அப்போ இதுனால யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்த எண்ணால் நேரடியாக ஒன்றும் இல்லை. தேடலால் உண்டு. 2016-இல் இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த ஒரு பிழை, மெர்சென் எண் தேடும் பிரைம்95 மென்பொருளை ஓட்டியபோது வெளியே வந்தது. 1994-இல் பென்டியம் சிப் வகுத்தலில் தப்புச் செய்வதைத் தாமஸ் நைஸ்லி பிடித்ததும் பகா எண் கணக்கில்தான். சின்ன மெர்சென் எண்களுக்கு நேரடி வேலையும் இருக்கிறது: பைத்தானில் ரேண்டம் எண் எடுத்தால் பின்னால் ஓடும் முறை, 2¹⁹⁹³⁷ − 1 எண்களுக்குப் பிறகுதான் தன் சுற்றைத் திரும்பத் தொடங்கும், அதுவும் பகா எண்தான்.

என் லேப்டாப்லயும் தேடலாமா? பரிசு உண்டாமே?

தேடலாம். ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் கூட்டு முயற்சியில் யாரும் சேரலாம், மென்பொருள் இலவசம். புதிய மெர்சென் பகா எண்ணுக்கு 3,000 டாலர். முதன்முதலாக 10 கோடி இலக்கத்தைத் தொடுகிறவர்களுக்கு இஎஃப்எஃப் என்ற அமெரிக்க இணைய உரிமை அமைப்பு 1,50,000 டாலர் வைத்திருக்கிறது. அதற்கு அடுக்கு 33.2 கோடியைத் தாண்ட வேண்டும். ஆனால் டுரான்ட் பயன்படுத்தியது 17 நாடுகளின் டேட்டா சென்டர்களில் இருந்த ஜிபியு எனப்படும் கிராபிக்ஸ் சிப்புகள். வீட்டுக் கணினிகளின் 28 ஆண்டு ஆதிக்கத்தை அது முடித்துவைத்தது. பரிசை நம்பி லேப்டாப்பை இரவு பகலாக ஓட்டினால் கரண்டு பில்தான் முதலில் வரும். ஆர்வத்துக்கு ஓட்டினால் தடுக்க மாட்டேன்.

நம்ம ஊர்க்காரங்க யாரும் இந்தக் கணக்குல இல்லையா?

ஏன் இல்லை? எஸ். எஸ். பிள்ளை, 1901-இல் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர், படித்தது செங்கோட்டையில். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் இந்தப் பக்கம் வந்தது. நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று படித்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம், 72 போதாது என்று காட்டியவர் அவர். 1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வல்லத்தைத் தாண்டித்தான் பாதிப் பேர் டியூஷனுக்கு வருகிறார்கள். பெயர் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் பெயரில் பகா எண்களே உண்டு. 4! என்றால் 1 × 2 × 3 × 4. 4! + 1 = 25; காரணி 5, அதை 4-ஆல் வகுத்தால் மீதி 1. 5! + 1 = 121; காரணி 11, அதை 5-ஆல் வகுத்தால் மீதி 1. 6! + 1 = 7 × 103, 7! + 1 = 71 × 71, எல்லாவற்றிலும் இதே கதை. எப்போதும் இப்படித்தானா என்பது பிள்ளையின் கேள்வி. 8! + 1 = 40,321 = 61 × 661; 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. உடைந்துவிட்டது. இப்படி உடைக்கும் பகா எண்களைப் பிள்ளை பகா எண்கள் என்கிறார்கள். மிகச் சிறியது 23, அது 14! + 1-ஐ வகுக்கும், ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. 2,047-இல் பார்த்த அதே 23.

52-வது மெர்சென் பகா எண்ணுன்னு போட்டிருக்கே, நடுவுல ஒண்ணும் விட்டுப்போகலையா?

தெரிந்தவற்றில் 52-ஆவது. அளவு வரிசையில் 52-ஆவதா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இடைப்பட்ட அடுக்குகள் எல்லாம் இருமுறை சோதிக்கப்படவில்லை. முன்பும் பெரியது முதலில் கிடைத்து, சிறியது பின்னால் கிடைத்திருக்கிறது. மெர்சென் பகா எண்களுக்கு முடிவில்லையா என்பதும் நிரூபிக்கப்படவில்லை. யூக்ளிட் சொன்னது பொதுவாகப் பகா எண்களுக்கு மட்டும்.

கடைசிக் கேள்வி சார். இதுக்கு அடுத்த பகா எண் எது?

யாருக்கும் தெரியாது. அதன் இரு மடங்கை எட்டுவதற்குள் ஒன்றாவது உண்டு என்பது உறுதி. ரஷ்யக் கணிதர் செபிஷெவ் நிரூபித்த இதை ராமானுஜன் 1919-இல் மிகச் சுருக்கமாக நிரூபித்தார். அந்த அளவில் சராசரியாகச் சுமார் 9.4 கோடி எண்களுக்கு ஒன்றுதான் பகா எண். தேடிப் போனாலும் 'ஒன்று குறைந்த 2-இன் அடுக்கு' என்ற வடிவம் அக்கம்பக்கத்து எண்களுக்கு இல்லை, ஆகவே நம் குறுக்குவழி செல்லாது.

ஆனாலும் சிலவற்றைக் கையாலேயே தள்ளிவிடலாம். 2 கூட்டினால் வரும் எண் 3-ஆல் வகுபடும். 2-இன் ஒற்றைப்படை அடுக்கு எதனோடு 1 கூட்டினாலும் அப்படித்தான். 4 கூட்டினால் 5-இல் முடியும், அதுவும் போச்சு. 6 கூட்டினால் 7-இல் முடிகிறது; 3, 7, 11, 13, 17, 19, 23 எதுவும் வகுக்கவில்லை. அதற்கு மேல் நான் போகவில்லை.